ஏசிக்காரர் நின்ற தேர்தல்

மலர்விழி, கதிர், ரெண்டு பேரும் படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் வந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும், தப்பில்லை.

வகுப்புத் தலைவர் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று மலர் மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு ஓட்டும் வரலன்னா அசிங்கமாயிடும்பா" என்கிறாள். "நீ நில்லுக்கா, நான் போடறேன்" என்கிறான் கதிர். அவன் இரண்டாம் வகுப்பு. அவள் ஆறாம் வகுப்பு. அவன் ஓட்டு அங்கே செல்லாது. இதை அவனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் பார்த்தேன். "எங்க அக்காவுக்கு நான் போடக் கூடாதா?" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் எனக்கு ஏசிக்காரர் நினைவு வந்தது.

நான் பத்தாம் வகுப்போடு ஜீப் ஓட்ட வந்தவன். புத்தி சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

இந்த ஜவ்வாது மலையில் குழம்பாத மனிதர் கிடையாது. ஆனால் தான் ஒருவர் குழம்பியது போதாதென்று, ஊரைக் குழப்பி, அக்கரையைக் குழப்பி, துப்பாக்கி வைத்திருந்த போலீசைக் குழப்பி, கடைசியில் ஓட்டு மிஷினையே குழப்பிவிட்டு வீட்டுக்கு வந்து களி தின்ற ஆள் ஏசிக்காரர் ஒருவர்தான்.

முதலில் பெயர். நம் ஊரில் ஏசி வைத்த வீடு ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். மார்கழி மாதம் பல் விளக்கத் தண்ணீரைத் தொட்டால், தொட்ட விரல் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஊரில் ஒருவருக்கு ஏசிக்காரர் என்று பெயர். அவர் சாமை விதைக்கிறவர். மூன்று புளியமரம் வைத்திருந்தவர். தேர்தலுக்கு முன்னால் அவருக்கு மனுக்காரர் என்று பெயர். அதற்கு முன்னால் ஒரு நிஜப் பெயரும் இருந்தது. அது ஓட்டு மிஷினில் ஒட்டியிருந்தது. அங்கேயும் யாரும் அதைப் படிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நம் கானாறு. வெயில் காலத்தில் அதில் ஓடுகிற தண்ணீரில் ஒரு எருமை முழுதாக நனையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் அதே கானாறு அந்த எருமையை டிக்கெட் இல்லாமல் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பள்ளிக்கூடம் இந்தக் கரை. குலசாமி கோயில் அந்தக் கரை. நடுவில் கால் வைத்துத் தாண்டப் பதினோரு கற்கள். வருஷா வருஷம் வெள்ளம் அதில் நாலைந்தைத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்ததும் ஏசிக்காரர் கடப்பாரையோடு இறங்கி, புதுக் கல் உருட்டி வந்து, போன இடத்தில் போடுவார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அவருக்கு அதில் சொந்த வேலை இருந்தது.

சொந்த வேலை என்பது செல்வி. அவருடைய ஒரே மகள். மனைவி போனபின் தனியாக வளர்த்த பெண். அவளைப் பெண் கேட்டு அக்கரையிலிருந்து வந்தது பங்குனி மாதம். கானாற்றில் மணல் தெரிந்த நேரம். "தோ, கூப்டா கேக்குற தூரம்தான், இன்னா யோசனை?" என்றார்கள். இவரும் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். கேட்டது. கட்டிக்கொடுத்துவிட்டார். ஐப்பசியில் கூப்பிட்டார். தண்ணீர் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அதனால் அப்பாவும் மகளும் துண்டு வீசிப் பேசினார்கள். துண்டை ஒரு தடவை தூக்கினால் சாப்பிட்டாயிற்று. சுற்றினால் உடம்பு சுகம். நம் மலையில் அப்போது செல்போன் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆஞ்சநேயர் பாறையின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதற்குத் துண்டே மேல்.

செல்விக்குப் பிரசவம் ஆனது நல்ல மழையில். அக்கரையில் ஒரே துண்டு வீச்சு. மாப்பிள்ளை வீசுகிறான், சம்பந்தி வீசுகிறார், சம்பந்தியம்மா புடவையையே வீசுகிறாள். இந்தக் கரையில் இவர் நிற்கிறார். குழந்தை பிறந்தது தெரிகிறது. ஆணா பெண்ணா என்பதற்கு ஜாடை பேசி வைக்கவில்லை.

"மாப்ளே, சேப்பு புடவை ஆட்றாங்களே, சேப்புன்னா இன்னா?" என்று பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார். ஊர் முறையில் அவர் எனக்கு மாமா.

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

பொறுக்காமல் பஸ் பிடித்து மலையிறங்கி, போளூர் போய், வேலூர் போய், அமிர்தி போய், அங்கிருந்து மறுபடி மலையேறினார். வழியில் மண் சரிந்து இரண்டு இடத்தில் தங்கல். அக்கரைக்குப் போய்ச் சேரும்போது கானாறு வடிந்து கற்கள் தெரிந்துவிட்டன. வாசலில் உட்கார்ந்து எதிரே தன் வீட்டைப் பார்த்தாராம். கோழி மேய்வது தெரிந்ததாம். பேத்தி என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அன்று ஆரம்பித்ததுதான் மனு. கானாற்றுக்குப் பாலம் வேண்டும். திங்கட்கிழமை தோறும் என் ஜீப்பில் முதல் ஆளாக ஏறுவார். கையில் பிளாஸ்டிக் உறை. நம் பக்கத்து ஆபீசில், "பாதி ஆறுதாங்க எங்களுது, அந்தப் பக்கத்துக்காரங்க எழுதித் தரணும்" என்றார்கள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனால், "நீங்க எங்க ஆளே இல்லியே, மனு வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார்கள். இப்படி இரண்டு மூன்று வருஷம்.

ஒரு நாள் அலுத்துப்போன ஊழியர் ஒருவர் சொல்லிவிட்டார். "இதெல்லாம் எம்எல்ஏ நெனச்சாதான் நடக்கும், பெரியவரே."

"அவரு நெனைக்கலீங்களே."

"அப்போ நீங்களே எம்எல்ஏ ஆயிடுங்க."

அந்த ஊழியர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். இவர் ஜீப்பில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மலை வளைவு ஒவ்வொன்றிலும் யோசித்து, கடைசி வளைவில் கேட்டார். "மாப்ளே, எலெக்‌ஷன்ல நிக்கணும்னா இன்னா எடுத்துனு போவணும்?"

ரேஷன் கார்டு என்று சொல்லிவிட்டேன். எனக்கும் தெரியாது.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. இரண்டு கிடா ஆடு டெபாசிட்டாக மாறியது. சுயேச்சையாக நிற்பவருக்கு முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். ஏசிக்காரர் நியாயமான மனிதர். பாலம் இரண்டு கரைக்கும்தானே என்று இங்கே ஐந்து பேர், அங்கே ஐந்து பேர் பொறுக்கினார். பத்துப் பேரையும் என் ஜீப்பில் அடைத்து மலையிறக்கினேன். தேர்தல் ஆபீசில் பட்டியலைப் புரட்டிப் பார்த்த அம்மா, "இந்த அஞ்சு பேரு லிஸ்ட்ல இல்லீங்க" என்றார்.

பெயர் விட்டுப்போவது நம் மலைக்குப் புதிது இல்லை. உயிரோடு இருப்பவர் பெயர் இருக்காது, செத்தவர் பெயர் இரண்டு தடவை இருக்கும். அதனால் "சரி, வுட்டுப் போயிருக்கும்" என்று எல்லோரும் தலையாட்டினோம். அக்கரை ஆள் ஐந்து பேருக்கும் மட்டும் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் விட்டுப்போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஏசிக்காரர் போய், சந்தைக்கு வந்திருந்த நம் ஊர்க்காரர்கள் நாலு பேரை இழுத்து வந்தார். பத்தாவது ஆள் வெளியே ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். அது நான்.

அடுத்தது சின்னம். பலாப்பழம் கேட்டார். அதை இன்னொருத்தர் கேட்டிருந்தார், குலுக்கலில் போயிற்று. ஏணி கேட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவதாக அவர்களே ஒன்றைக் கொடுத்தார்கள். காகிதத்தில் ஒரு நீளப் பெட்டி, அதில் கோடு கோடாக இருந்தது.

"இது இன்னாங்க?"

"ஏசி."

"அது இன்னா பண்ணும்?"

"குளிரடிக்கும்."

ஏசிக்காரர் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்த மலையில் ஓட்டுக் கேட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். கோயில் மைக்கை இரவல் வாங்கி ஜீப்பில் கட்டினோம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் படத்துக்கு ஒரு பெயர். ஒருவர் துணிப்பெட்டி என்றார். ஒருவர் ரேடியோ என்றார். முனியம்மா அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க வூட்ல மாட்டுக்கு கழனி வெக்கிற தொட்டி இப்பிடித்தான் கீது" என்றாள்.

"தொட்டி இல்ல தாயி. ஏசி. இத்த வூட்ல மாட்டினா குளுரு வரும்."

"கதவ தொறந்தாலே குளுரு வர்து. அதுக்கு ஒரு பொட்டியா? உனுக்கு ஓட்டு போட்டா இத்த எடுத்தாந்து மாட்டிடுவியா?"

"மாட்ட மாட்டேன்."

"அப்ப சரி, போடறேன்."

பேச்சு இன்னும் விசேஷம். வாழ்நாளில் அவர் எழுதியது எல்லாம் மனு. அதனால் மைக்கைப் பிடித்ததும் மனுதான் வந்தது. "அனுப்புநர், சாமை வெதைக்கிறவன், மேலண்டை வூடு. பெறுநர், இந்த ஊரு ஜனங்க. பொருள், கானாத்துக்கு பாலம் வேண்டி. ஐயா, வணக்கம்" என்று ஆரம்பிப்பார். நடுவில் செல்வி, துண்டு, சிவப்புப் புடவை, ஒன்பது நாள் எல்லாம் வரும். "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து, கையெழுத்துப் போடுகிற மாதிரி காற்றில் விரலை ஒரு சுழற்று சுழற்றுவார். மற்றக் கட்சிக்காரர்கள் டிராக்டரில் ஆள் கொண்டுவந்து கைதட்டினார்கள். இவருக்கு அந்தச் சுழற்றலுக்காகவே தானாகக் கூட்டம் சேர்ந்தது.

ஆனால் எங்கே சேர்ந்தது என்பதுதான் விஷயம். நம் கரையில் அவர் மனுக்காரர். தினம் பார்க்கிற முகம். "வந்துட்டான்யா பாலம்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அக்கரையில் அவர் பெண் கொடுத்த சம்பந்தி. போனால் பாய் போடுவார்கள். சாமைச் சோறு, கோழிக் குழம்பு. மனிதர் எந்தக் கரைக்கு அதிகம் போவார்? பிரசாரத்தில் ஒரு நாள் நம் கரை, மீதி எல்லா நாளும் அக்கரையும் அதற்கு மேலே உள்ள ஊர்களும்தான். எனக்கும் அந்தக் கோழிக் குழம்பில் பங்கு இருந்ததால் நானும் வண்டியை வேறு பக்கம் திருப்பவில்லை.

அக்கரை முழுக்கச் சத்தியம் செய்துவிட்டது. எல்லா ஓட்டும் ஏசிக்கே. சம்பந்தி ஒரு படி மேலே போய், குலசாமி கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

ஓட்டுப் போடும் நாள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஏசிக்காரர் வெள்ளை வேட்டியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறும் நேரத்தில் செல்வி இடுப்பில் பிள்ளையோடு கற்களைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அப்பா, அங்க உன் சின்னத்த காணோம்."

"காணோம்னா?"

"மிஷின்ல இல்ல. எங்க மாமனாரு உள்ள பூந்து தேடினுகிறாரு. வெளிய வர மாட்டேன்றாரு."

வறண்ட கானாற்றில் ஜீப்பை இறக்கி அக்கரை ஏற்றினேன். அங்கே சமுதாயக் கூடத்தில்தான் வாக்குச்சாவடி. உள்ளே நடந்ததைச் சம்பந்தி பிறகு சொன்னார். கரண்ட் போய் ஒரு மணி நேரம். ஆபீசருக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. முதல் ஆளாக உள்ளே போன சம்பந்தி மிஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், ஏசி எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யோவ், ஃபேனே ஓடல. ஏசி கேக்கறியா?"

அடுத்து வந்த அம்மாவும் ஏசி கேட்டாள். அதற்கடுத்து வந்தவனும் கேட்டான். ஊரே சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறது என்று ஆபீசர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். போலீஸ்காரர் உள்ளே வந்து மிஷினைப் பார்த்து, அவரும் "ஏசி இல்லியே சார்" என்றாராம். அதற்குப் பிறகுதான் சம்பந்தி வெளியே வந்தாராம்.

நாங்கள் போனபோது ஊர் முழுக்க எதிரே இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. சின்னம் வரும்வரை ஓட்டு கிடையாது. ஆபீசர் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அவரு இந்தத் தொகுதி இல்லம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற தொகுதி. வேற மாவட்டம்."

"எங்க சம்பந்தி இன்னா வேற நாடா சார்? தோ, அவரு வூட்டுக் கோழி தெரியுது பாரு" என்றார் சம்பந்தி.

உங்களுக்குச் சிரிப்பு வரும். இத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ஆபீஸ் ரெண்டு என்று தெரியும், ஓட்டும் ரெண்டு என்று தெரியாது. அக்கரைக்கும் நமக்கும் ஒரே குலசாமி, ஒரே திருவிழா. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். மிஷினில் எப்போதும் சின்னத்தைத்தான் பார்ப்போம், ஆளைப் பார்த்ததில்லை. பெரிய கட்சிச் சின்னங்கள் இரண்டு கரையிலும் ஒன்றுதான். அதனால் இங்கே அழுத்துகிறவனும் அங்கே அழுத்துகிறவனும் ஒரே ஆளைத்தான் ஜெயிக்கவைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் இல்லாத சின்னத்தோடு ஒரு மனிதர் வந்து நின்ற பிறகுதான், மலைக்கு நடுவில் ஓட்டுக்கும் ஒரு கோடு இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. ஜீப் ஓட்டித் தினமும் அந்தக் கோட்டின் ஓரத்தில் போய்வந்த எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏசிக்காரர் ஆபீசர் முன்னால் போய் நின்றார். பழக்கதோஷத்தில் கை மடியில் காகிதம் தேடியது.

"ஐயா, வணக்கம். பொருள், என் சின்னத்தை இதுல சேத்துக்க வேண்டி."

"பெரியவரே, மனு வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

அந்த வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்தது. மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகிய வார்த்தை. தலையாட்டினார். பிறகு கேட்டார். "அப்போ இந்த மலைக்கு மொத்தம் எத்தினி எம்எல்ஏ சார்?"

ஆபீசர் விரல் விட்டு எண்ணினார். ஒரு கையில் முடிவதாகத் தெரியவில்லை.

"ஒரு மலைக்கு இத்தினி பேரா? அதான் ஒருத்தரும் வர்ல" என்று சொல்லிவிட்டு ஏசிக்காரர் புளியமரத்தடிக்கு வந்தார். "எழுந்திருங்க. போய் ஓட்ட போடுங்க."

"யாருக்கு போடறது?" என்றார் சம்பந்தி. அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கற்பூரம் ஏற்றியவர் இல்லையா. "உனுக்கு போட முடியாத ஓட்டு எதுக்கு எனக்கு?"

"எனக்கா கேட்டேன்? பாலத்துக்குத்தான கேட்டேன். யாருக்கு வேணா போடு. வர்றவன் கிட்ட உங்க முனைய கேளு. எங்க முனைய நாங்க கேக்கறோம். பாலத்துக்கு ரெண்டு முனை கீது இல்ல?"

ஊர் எழுந்து வரிசையில் நின்றது. அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் மட்டும் என்னிடம் மெதுவாக, "இவரு எந்தத் தொகுதி? எங்க ஊரா இருந்தா நானே போட்டிருப்பேன்" என்றார்.

ஓட்டு எண்ணினார்கள். ஏசிக்காரர் வாங்கியது பத்து.

பத்து என்றதும் ஊர் கணக்குப் போட்டது. முனியம்மா அக்கா அன்றைக்குச் செங்கத்தில் மருமகள் வீட்டில் இருந்தாள், ஓட்டே போடவில்லை. முன்மொழிந்தவர்கள் பத்து. அவர் ஒருவர். ஆகப் பதினொன்று. அப்படியென்றால் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் ஒருத்தன் மாற்றிப் போட்டிருக்கிறான். டீக்கடையில் பத்துப் பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் டீ குடித்தோம். "நான் சாமி மேல சத்தியம் பண்றேன்" என்று ஒருவர் ஆரம்பிக்க, வரிசையாக எல்லோரும் பண்ணினார்கள். என் முறை வரும்போது வண்டிக்கு டயர் பார்க்கப் போளூர் போக வேண்டியிருந்தது.

அந்த ஒருத்தன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. உள்ளே போனேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சின்னம். தினம் போகிற வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்புமே, அந்த மாதிரி விரல் போய்விட்டது. பீப் என்று நீளமாகச் சத்தம் வந்த பிறகுதான் நான் எதற்கு வந்தேன் என்பதே நினைவுக்கு வந்தது. வெளியே வந்தால் வாசலில் அவர் எனக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறார்.

இதை இதுவரை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

டீக்கடைச் சண்டை கைகலப்பாகும் நிலைக்கு வந்தபோது ஏசிக்காரர் எழுந்து சொன்னார். "ஏன்பா அடிச்சிக்கிறீங்க? நான்தான் மாத்தி அமுக்கிட்டேன். அந்த பொட்டி எனக்கே அடையாளம் தெரியாது. பக்கத்துல இன்னொரு பொட்டி இருந்துச்சு, அதுல வெரலு பட்டிருக்கும்." ஊர் சிரித்தது. தனக்கே ஓட்டுப் போடத் தெரியாத வேட்பாளர் என்று சிரித்துச் சிரித்துச் சமாதானம் ஆயிற்று. அன்றிலிருந்துதான் மனுக்காரர் போய் ஏசிக்காரர் வந்தது.

அந்தப் பெயர் மலை முழுக்கப் பரவி, ஒரு தங்கும் விடுதி மேனேஜர் காதுக்கும் போனது. சுற்றுலா வருகிறவர்களுக்காக அங்கே ஒரு அறையில் ஏசி மாட்டியிருந்தார்கள். அது தண்ணீர் சொட்டியது. ஏசிக்காரரைக் கூட்டிவா என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் விஷயத்தைச் சொல்லி, "போக வேணாம் மாமா" என்றேன்.

"இல்ல மாப்ளே, போலாம். நான் நின்ன சின்னத்த ஒரு தபா நேர்ல பாக்கணும்."

போனோம். அறையில் சுவரில் உயரத்தில் வெள்ளையாக இருந்தது. அவர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு கும்பிடு போட்டார்.

"இன்னா பிரச்சனைன்னு பாருங்க" என்றார் மேனேஜர்.

"நான் இதுல நின்னவன். ரிப்பேர் தெரியாது."

"இதுலயா? மேல ஏறி நின்னீங்களா?"

ஏசிக்காரர் மடியிலிருந்து அந்தப் பழைய சின்னக் காகிதத்தை எடுத்து விரித்து, சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நீளப் பெட்டி. கோடு கோடு. ஓரத்தில் சின்ன விளக்கு.

"இதேதான்" என்றார் மெதுவாக. "நான் அன்னிக்கி இத்தத்தான் அமுக்கினேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஏசியின் குளிரிலும் எனக்கு வேர்த்தது.

"மாமா" என்று ஆரம்பித்தேன்.

"ரொம்ப குளுரா கீது. வா, வூட்டுக்கு போலாம்" என்றார்.

வழியெல்லாம் சாமை விளைச்சல் பற்றிப் பேசினார். அடுத்த நாள் டீக்கடையில் யாரோ, "ஏசிக்காரரே, யாருக்கு அமுக்கின?" என்று கேட்டதற்கு, "வெரலு தப்பிப் போச்சுபா" என்றுதான் சொன்னார். இன்று வரைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

பாலம் இன்னும் வரவில்லை. ஆனால் போன வருஷம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். இரண்டு அளவும் ஒத்துவரவில்லையாம். அக்கரையில் சம்பந்தி இப்போது அவர்கள் ஆபீசுக்குத் திங்கட்கிழமை தோறும் போகிறார். அவரும் "அனுப்புநர், பெறுநர்" என்றுதான் பேசுகிறார். ஏசிக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. இந்த மழைக்கு முன்னாலேயே செல்வி வந்து அக்கரைக்குக் கூட்டிப்போய்விட்டாள். நம் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருப்பது தெரியும். நம் ஜீப்பைப் பார்த்தால் துண்டைத் தூக்குவார்.

மலர், நீ நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். கதிரின் ஓட்டு உனக்குச் செல்லாது. ஆனாலும் அவன் போடுகிறேன் என்று சொன்னானே, அதை மறக்காதே.

போன வாரம் வெள்ளம் வடிந்தது. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா புளி அரிந்துகொண்டிருந்தாள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கானாற்றுக்குப் போனேன். பத்துக் கல் இருந்தது. நடுக்கல்லைக் காணோம். மேட்டில் ஒரு கல் பார்த்து, பெயர்த்து, உருட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் இறக்கினேன். ஆடியது. அடியில் சரளை போட்டு, இரண்டு கையாலும் பலமாக அழுத்தினேன். ஆட்டம் நின்றது. கையை எடுக்காமல், பீப் என்று சத்தம் வரும் என்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போனது.